பறக்காத உப்பு

தேவனேரிக் குப்பத்தில் படகுகள் கரையேறியிருந்தன. வலையிலிருந்து மீன் உதறும் வேலை நடந்துகொண்டிருந்தது. பொங்கல் முடிந்த வாரம். முழங்கால் அளவு நீரில் நின்று இருபது லிட்டர் கேனில் கடல்நீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வலைச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நவம்பரில் ஒருமுறை இதே இடத்தில் நான் தண்ணீர் எடுத்தது அவர் நினைவில் இருந்தது. வீட்டு மீன்தொட்டியில் பாசி மண்டிவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

"பின்ன, மழத்தண்ணி எறங்கின நேரத்துல வந்து கலங்கத் தண்ணிய எடுத்துனு போனீங்களே சார், வேற இன்னா ஆவும்? கடலு தெளிஞ்சப்புறம் எடுக்கணும். இப்ப எடுங்க, கண்ணாடியாட்டம் கீது."

வீடு செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். கேனை இறக்கியதும் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தேன். ஒன்றில் தேவனேரிக் கடல், மற்றொன்றில் என் தொட்டி நீர். இரண்டிலும் சோதனை மருந்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தேன். கடல்நீர்க் குழாயில் நிறம் ஏறியிருக்கிறதா என்று தெரியவே பின்னால் வெள்ளைத் தாள் பிடிக்க வேண்டியிருந்தது. தொட்டி நீரோ மைப்புட்டியைக் கழுவிய தண்ணீர்போல நீலமாக நின்றது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பேட். அந்தத் தொட்டியில் இருந்ததும் இதே கடல்தான். நடுவில் ஓராண்டும் நான்கு கண்ணாடிச் சுவர்களும் மட்டுமே வந்திருந்தன.

அந்த நீலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்பேட்டுக்கு நிறமில்லை. அது மாலிப்டேட் என்ற உப்போடு அமிலத்தில் சேர்ந்து பெரியதொரு மூலக்கூறாகக் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டுக்குள் எலக்ட்ரானை ஏற்றினால் நீலமாக மாறும். ஏற்றும் வேலையைச் செய்வது அஸ்கார்பிக் அமிலம், எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் இருக்கும் அதே வைட்டமின் சி. மர்ஃபி, ரைலி என்ற இரு வேதியியலாளர்கள் 1962இல் செம்மைப்படுத்திக் கொடுத்த முறை இது. கடலாய்வுக் கப்பல்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இன்றும் இதுதான் நடக்கிறது. வீட்டுச் சோதனைப் பெட்டிகள் பலவும் இதன் சிறு வடிவங்களே. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. சில பெட்டிகள் பாஸ்பேட்டின் எடையைச் சொல்லும், சில அதிலுள்ள பாஸ்பரஸின் எடையை மட்டும் சொல்லும். இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். இதைக் கவனிக்காமல் மருந்து போட்டவர்கள் நிறைய.

தேவனேரிக் குழாய் ஏன் வெளுத்திருந்தது?

வங்காள விரிகுடா வினோதமான கடல். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் எல்லாம் இதில்தான் இறங்குகின்றன. அவை கொண்டுவரும் நன்னீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மேலே ஒரு மூடிபோலப் பரவிக் கிடக்கிறது. ஆழத்தில் பாஸ்பேட் தாராளம். ஆயிரம் மீட்டர் கீழே போனால் லிட்டருக்குக் கால் மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அது மேலே வர மூடி விடுவதில்லை. கரையை விட்டு விலகிய மேல்பரப்பில் கிடைப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமை ஒட்டிய அளவுதான். அங்கே மிதக்கும் நுண்பாசிகள் கண்ணில் படும் ஒவ்வொரு பாஸ்பேட்டையும் உடனே விழுங்கிவிடுகின்றன.

அந்தப் பசியின் அளவை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934இல் கவனித்தார். கடலின் மிதவை உயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கின்றன. பின்னாளில் அந்த விகிதம் 106:16:1 என்று நிலைபெற்றது. ஒரு பாஸ்பரஸ் அணு கிடைத்தால் நூற்றாறு கார்பன் அணுக்களை உடலாகக் கட்டலாம் என்று இதைப் படிக்கலாம். எடையில் சொன்னால், ஒரு கிராம் பாஸ்பரஸ் நாற்பது கிராமுக்கு மேல் கார்பனைப் பாசியாக எழுப்பும். தொட்டிக் கண்ணாடியில் படியும் பச்சைக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்.

கரையோரத்தில் கணக்கு வேறு. பள்ளிக்கரணையில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கோவளத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் குடியிருப்புகளில் சுத்திகரிக்காமல் விடப்படும் கழிவுநீரும் சலவைத்தூள் நுரையும் வயல் உரமும் இதே வழியில்தான் வருகின்றன. கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை அதை உடைத்துக்கொண்டு மொத்தத்தையும் கடலில் தள்ளும். அந்த மாதங்களில் கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. ஆறுகளின் நன்னீரைச் சுமந்துகொண்டு அது மாமல்லபுரத்தைக் கடந்துபோகும்போது நீரின் உப்பளவு லிட்டருக்கு முப்பது கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். நவம்பரில் நான் எடுத்த கலங்கல் நீர் இதுதான். உப்புமானியும் அடர்த்திக் கணக்கும் தெரிந்த எனக்கு முன்பே பெரியவருக்கு இது தெரிந்திருந்தது.

மிகையான சத்து கடலில் என்ன செய்யும் என்பதை இந்தக் கரை பலமுறை காட்டியிருக்கிறது. 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன, மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அந்த ஒளி நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரினுடையது. பாசி பெருகினால் அதைத் தின்று இதுவும் பெருகும். 2007 மார்ச்சில் கல்பாக்கம் கடலில் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பசும்பாசி பெருகி மிதந்ததை அங்குள்ள அறிவியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தனக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் பாசி அது. பாஸ்பரஸை அப்படி எடுக்க அதற்கு வழியில்லை.

இந்த அத்தியாயத்தின் அச்சாணி இதுதான். நைட்ரஜனுக்குச் சிறகு உண்டு. மீன்கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கும். தொட்டியிலுள்ள பாறையின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். அது குமிழியாகி, தொட்டியை விட்டு, சன்னலைத் தாண்டிப் போய்விடும். பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாயு வடிவம் மீன்தொட்டியில் கிடையாது. உள்ளே போட்ட ஒவ்வொரு துளியும் நீரிலோ, மீனிலோ, பாசியிலோ, மணலிலோ, பாறையிலோ இருந்தே தீரும். யாரேனும் கையால் எடுத்து வெளியே போடும்வரை அது அங்கேதான்.

கடலில் எடுத்துப்போட ஆட்கள் இருக்கிறார்கள். நீரோட்டம் கொண்டுபோகிறது. செத்த மிதவைகள் மழைபோல ஆழத்துக்கு இறங்குகின்றன. கொக்குகளும் ஆலாக்களும் மீனைக் கொத்திக்கொண்டு நிலத்துக்குப் பறக்கின்றன. தேவனேரியில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மீனின் எடையில் ஏறத்தாழ அரை சதவீதம் பாஸ்பரஸ். ஒரு டன் மீன் கரையேறினால் நான்கைந்து கிலோ பாஸ்பரஸ் கடலை விட்டு வெளியேறுகிறது. என் தொட்டியில் மீன் பிடிப்பவர் யாரும் இல்லை. தீனி போடுபவன் மட்டும் இருக்கிறேன்.

அந்தத் தீனியைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தொட்டி இருநூறு லிட்டர். அதில் பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களில் இவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டதால், கடலிலிருந்து பிடித்துவர வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு கிராம் உலர்தீனி போட்டேன். தீனியில் சுமார் ஒரு சதவீதம் பாஸ்பரஸ், அதாவது பத்து மில்லிகிராம். பாஸ்பேட்டாக எண்ணினால் முப்பது. இருநூறு லிட்டரில் அது முழுதும் கரைந்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஏறும். பவளப்பாறைக் கடல்களின் நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. விரல்நுனியில் எடுத்த ஒரு சிட்டிகைத் தீனிக்கு இவ்வளவு வலு.

ஆகவே முதல் மருந்து தீனியைக் குறைப்பதுதான். மீன்கள் ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு போதும். உறைய வைத்த இறாலை அப்படியே தொட்டியில் போடக்கூடாது. சல்லடையில் வைத்து நல்ல நீரில் உருக்கி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட வேண்டும். பதப்படுத்திய பொட்டல இறாலில் நீர் வற்றாமலிருக்கப் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதும் உண்டு. கோவளம் குப்பத்தில் காலையில் வாங்கிய இறாலை நாமே நறுக்கி உறைய வைப்பது நல்லது, மலிவும்கூட.

அடுத்து நீர். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் பாஸ்பேட் இருக்கலாம். ஆவியாகும் நீருக்குப் பதிலாக எதிர்ச்சவ்வூடு பரவலில் வடித்த நீரையே ஊற்ற வேண்டும். மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலியில் 2013இலிருந்து கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே முறைதான். அங்கே பெரிய பெரிய குழாய்களுக்குள் நடப்பது வீட்டு வடிகட்டியில் ஒரு முழ நீளத்தில் நடக்கிறது.

நீர் மாற்றினால் பாஸ்பேட் குறையும் என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. கடல்நீர் தெளிந்த பிறகு வாரம் நாற்பது லிட்டர் வீதம் மாற்றினேன். ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். குறைந்தது. மூன்றாம் நாள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. அந்த வாரம் தீனியைப் பாதியாக்கியிருந்தேன், ஆகவே தீனிமேல் பழி போட முடியவில்லை.

பாறையைப் பற்றி யோசிக்க வைத்தது அதுதான்.

கடல்நீர்த் தொட்டியின் பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்பு. பாஸ்பேட்டுக்குச் சுண்ணாம்பின் மேல் தீராத ஒட்டுதல் உண்டு. நீரில் பாஸ்பேட் அதிகமானால் பாறையின் துளைகளுக்குள் எல்லாம் படிந்துகொள்ளும். நீரில் குறைந்தால் படிந்தது மெல்லக் கழன்று வெளியே வரும். அறுவடைக் காலத்தில் நிறைந்து, பஞ்சகாலத்தில் கொடுக்கும் குதிர்போல. ஓராண்டாக நான் போட்ட தீனியின் பாஸ்பேட்டில் பெரும்பங்கு குதிருக்குள் இருந்தது. சோதனைக் குழாய் காட்டியது குதிரின் வாயில் சிந்திக்கிடந்த மணிகளை மட்டும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இரண்டு வாரத்தில் மனம்தளர்ந்து, இருக்கும் மருந்தையெல்லாம் ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். நானும் அதைச் செய்தேன். அது பின்னால் வருகிறது.

பவளம் வளர்ப்பவர்களுக்குப் பாஸ்பேட் ஏன் அவ்வளவு அச்சம் தருகிறது என்பதற்கும் விடை இந்தச் சுண்ணாம்பு ஒட்டுதலில்தான். பவளப்பூச்சி தன் எலும்பை அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் படிகமாக எழுப்புகிறது. வளரும் படிகத்தின் முகத்தில் பாஸ்பேட் வந்து ஒட்டினால் அடுத்த அடுக்கு உட்கார இடமில்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவில் கின்ஸி, டேவிஸ் இருவரும் ஒரு பவளத்திட்டுக்கு மாதக்கணக்கில் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் இட்டுப் பார்த்தார்கள். சுண்ணாம்பு படியும் வேகம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாக 1979இல் எழுதினார்கள். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்து நாம் இழந்ததை நினைத்தால், அந்த மெல்லிய அடுக்குகள் ஒவ்வொன்றும் எத்தனை அருமையானவை என்பது புரியும். 2001 முதல் இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்போடு. கடலிலிருந்து பவளக்கல் எடுப்பது குற்றம். செத்து ஒதுங்கிய துண்டும் அதில் அடங்கும். என் தொட்டியில் இருப்பவை வார்த்துச் செய்த பாறைகள். அலங்காரத்துக்காக ஒரு பவளத் துண்டு வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கடுமையாகவே மறுத்துவிடுவேன்.

*

நீரில் கரைந்த பாஸ்பேட்டைப் பிடிக்கப் பலர் முதலில் வாங்குவது துருநிறக் குருணை. இரும்பின் ஹைட்ராக்சைடு, கடுகு அளவுக்கு உடைத்தது. குடிநீரிலிருந்து ஆர்செனிக்கை எடுக்க ஜெர்மனியில் உருவாக்கிய பொருள் பிறகு மீன்தொட்டிகளுக்கு வந்தது. ஆர்செனேட்டும் பாஸ்பேட்டும் வடிவில் இரட்டைப்பிள்ளைகள், இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் குருணையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்குப் பல்லாவரம் நினைவுக்கு வந்தது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே செம்புறாங்கல் சரளைக்குள்ளிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார், இந்தியாவின் பழங்கற்கால வரலாறு அதிலிருந்து தொடங்கியது. அந்தச் சரளையைச் சிவப்பாக்கியதும் இரும்பின் ஆக்சைடுகள்தான். வேதியியலில் என் குருணைக்கு அது மூத்த உறவு. செம்மண்ணில் சூப்பர் பாஸ்பேட் போட்டால் மண்ணே பிடித்துவைத்துக்கொள்கிறது, பயிருக்கு முழுதும் போய்ச் சேர்வதில்லை என்பது விவசாயிகள் அறிந்த பழைய குறை. உழவருக்கு நட்டமான அதே பிடிப்பு மீன்தொட்டிக்காரனுக்கு வரம். இரும்பின் பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ராக்சில் அணுக்கூட்டத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறி இறுக ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் நடப்பது.

சூப்பர் பாஸ்பேட்டுக்கும் இந்தக் கரைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை 1906இல் ராணிப்பேட்டையில் தொடங்கியது, பாலாற்றங்கரையில். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில்தான் கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு 2015, 2021 நவம்பர்களில் கரைபுரண்டு வந்தது. அப்படி வரும் நாட்களில் நூற்றாண்டாக வயல்களில் இட்ட உரத்தின் ஒரு பங்கும் வண்டலோடு ஒட்டிக்கொண்டு கடலுக்கு வருகிறது.

ஏரிப்பாசன நெல்வயல் இன்னொன்றும் சொல்லித்தருகிறது. வயலில் நீர் கட்டியதும் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இரும்பு தன் வடிவை மாற்றிக்கொண்டு கரையத் தொடங்கும். பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டை விட்டுவிடும். நெல்லுக்கு அது விருந்து. தொட்டியில் குருணை போட்ட குழலுக்குள் நீரோட்டம் நெடுநேரம் நின்றுபோனால் இதே ஆபத்து உண்டு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அன்று மின்சாரம் போனபோது குருணைக் குழலைத் தொட்டியிலிருந்து முதலில் கழற்றி வைத்தேன். மீன்களுக்கு மின்கலக் காற்றுப்பம்பு.

குருணையைக் கழுவி, தூசி போக்கி, சொன்ன அளவில் கால்பங்கிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று நாளில் என் தொட்டி 1 மில்லிகிராமிலிருந்து 0.4க்கு இறங்கியது. மறுவாரம் 0.6. குதிர் திறந்திருந்தது.

அப்போதுதான் பொறுமை இழந்தேன். லாந்தனம் குளோரைடு என்ற கரைசலைப் பற்றிப் படித்திருந்தேன். நீச்சல் குளங்களில் பாசி கட்டாமலிருக்க விடுவது. லாந்தனம் பாஸ்பேட்டைக் கண்டதும் பிடித்துக்கொண்டு கரையாத தூளாகிவிடும். ஒரு கிராம் பாஸ்பேட்டுக்கு ஒன்றரை கிராம் லாந்தனம் போதும். அந்தத் தூள் எவ்வளவு உறுதியானது என்று தெரிய வேண்டுமா? கல்பாக்கம் கடற்கரை மணலில் ஆங்காங்கே கலந்திருக்கும் மோனசைட் மணிகளைப் பாருங்கள். மணவாளக்குறிச்சியில் 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் அடையாளம் கண்ட அதே கனிமம். சீரியம், லாந்தனம், தோரியம் எல்லாம் பாஸ்பேட்டோடு பிணைந்தது அது. மலையில் பாறை உடைந்து, ஆற்றில் உருண்டு, கோடிக்கணக்கான அலைகளில் அடிபட்டும் அந்தப் பிணைப்பு அவிழவில்லை. லாந்தனம் தொட்டியில் உண்டாக்குவது அதன் நெருங்கிய உறவான ஒரு தூள்.

வேதியியல் சரி, என் கைதான் தவறியது. கரைசலை நன்றாக நீர்த்து, மிக நுண்ணிய வடிதுணிப் பையின் வாயில் மணிக்கணக்கில் சொட்டச் சொட்ட விட வேண்டும். தூள் பைக்குள்ளேயே தங்கிவிடும். நான் நேராகத் தொட்டியில் ஊற்றினேன், அதுவும் ஒரே தடவையில். ஐந்து நிமிடத்தில் நீர் அரிசி களைந்த தண்ணீர் ஆயிற்று. மீன்களின் செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்தத் தூள் செவுளில் போய் ஒட்டும் என்று படித்தும் இருந்தேன். கைவசம் இருந்த கடல்நீரையெல்லாம் மாற்றினேன். விடியும்போது ஒரு மீன்தான் இருந்தது. பாசியைப் பார்த்து எரிச்சல்பட்டுத் தொடங்கிய வேலை, நான் வளர்த்த ஓர் உயிரைக் கொண்டுபோய்விட்டது. இதை எழுதும்போதும் அந்தச் செவுள்கள் அடித்துக்கொண்டது கண்ணில் நிற்கிறது.

சுண்ணாம்புத் தெளிநீர் இதைவிட நிதானமான வழி. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நம் வீடுகள் நூற்றாண்டுகளாக அறியும். அதன் தெளிநீரைச் சொட்டுச்சொட்டாக விட்டால் விழுமிடத்தில் காரம் ஏறி, கொஞ்சம் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். ஆய்வகத் தரமான சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும். சொட்டு வேகம் பிசகினால் முழுத் தொட்டியின் காரமும் ஏறிவிடும்.

*

கடைசியில் நான் வந்து சேர்ந்தது கடலே செய்யும் இரண்டு வேலைகளுக்கு.

ஒன்று நுரை. 2019 இறுதியில் பட்டினப்பாக்கத்திலிருந்து மெரினா வரை வெண்ணுரை மலைமலையாக ஒதுங்கியது, குழந்தைகள் அதில் விளையாடினார்கள். கழிவும் சலவைத்தூளும் கலந்த நீரை அலை அடித்துக் கடைந்த நுரை அது. கடையப்படும் உப்புநீரில் கரிமப் பொருள்கள் குமிழியின் தோலில் ஏறிக்கொள்ளும் என்பதே இதன் தத்துவம். மீன்தொட்டியின் நுரைப்பிரிப்பான் அதையே ஒரு குழலுக்குள் செய்கிறது. மேலே உள்ள கிண்ணத்தில் சேரும் பழுப்புச் சாறு, பாஸ்பேட்டாக உடைவதற்கு முன்பே பிடிபட்ட கழிவு. தினமும் கிண்ணத்தைக் கழுவுவதுதான் கையால் எடுத்துப்போடும் வேலை.

மற்றொன்று பாசி. பாசியைப் பாசியாலேயே வெல்வது. மாமல்லபுரத்துப் பாறைகளில் பருவந்தோறும் கடற்பாசிகள் எப்படி மாறி மாறி வளர்கின்றன என்று கே. எஸ். ஸ்ரீநிவாசன் 1946இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இந்தியப் பாசியியலின் முன்னோடியான எம். ஓ. பி. அய்யங்காருக்குச் சிறப்புச் செய்த மலரில் வந்தது அது. கடற்கரைக் கோயிலுக்கு வரும் கூட்டம் சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் போகும். அலைபடும் பாறைகளில் பச்சையாகப் படர்ந்து பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும் அந்த உயிர்களையும் நின்று பார்த்தவர் ஒருவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, பாசித்திரையின் மேல் நீரை ஓடவிட்டு, மேலே விளக்கெரித்து, பாசியைச் சுரண்டியெடுத்தே பெரிய பவளத்தொட்டிகளைத் தூய்மையாக வைத்துக் காட்டினார்.

என் தொட்டிக்குக் கீழே இன்னொரு சிறு தொட்டி. அதில் கீட்டோமார்பா, பச்சை நூல்கண்டு சிக்கலானதுபோல இருக்கும். இரவில் அதற்கு விளக்கு. மேலே கண்ணாடியில் வளர வேண்டிய பாசி கீழே வளர்கிறது. கௌலெர்பா அழகாக இருக்கும் என்று அதைப் போடுபவர்கள் உண்டு, நான் போடுவதில்லை. இனப்பெருக்க நேரம் வந்தால் ஒரே இரவில் தன் உயிர்ப்பொருளையெல்லாம் நீரில் கொட்டிவிட்டு வெளுத்துப்போகும், சேர்த்த பாஸ்பேட் முழுதும் திரும்பிவிடும்.

பூஜ்யத்துக்கு இறக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. பாஸ்பேட் இல்லாமல் எந்த உயிரின் மரபுப்பொருளும் இல்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வீடன்மன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் வற்றிப்போனால் பவளங்கள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் எளிதாக வெளுத்துவிடுகின்றன. 0.03க்கும் 0.1க்கும் இடையில் நிற்பது போதும். அதுவும் மாதக்கணக்கில் இறங்கி வந்து நிற்க வேண்டும்.

என் தொட்டி அங்கே வர ஏழு மாதம் ஆயிற்று. இப்போது ஞாயிறு காலைகளில் கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு பிடி பாசியைப் பிய்த்துப் பிழிந்து எடைபோடுகிறேன். நூறு கிராம் இருக்கும். உலர்ந்தால் பத்து கிராம். அதில் இருபது மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால் பாஸ்பேட்டாக அறுபது, பழைய தீனிக் கணக்கில் இரண்டு நாள், பாதியாக்கிய கணக்கில் நான்கு நாள். மீதி மூன்று நாளுக்கு நுரைக் கிண்ணமும் ஒரு கரண்டி துருக்குருணையும். பாறைக்குள் இன்னும் இருக்கிறது. நல்ல நீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிய பாசியைக் கொல்லையில் முருங்கையின் அடியில் போடுகிறேன், செம்மண் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.